சவ்தா ஏன் எழுந்து போனார்?

கேள்வி: ஜெருசலேமில் 84 வயது யூதப் பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ‘சவ்தா’ (பாட்டி) என்றுதான் கூப்பிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை ராத்திரி இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது, லைட்டைப் போட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, இறைச்சிக் கரண்டியால் பாலைக் கிண்டிவிட்டேன். பயத்தில் கழுவி வைத்துவிட்டேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, உங்கள்மேல் கோபித்துக்கொண்டு சவ்தா எழுந்து போனதாக நினைக்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் உட்கார அவருக்கு அனுமதி இல்லை.

யூதர்களின் ஜெபாலயத்தில் வாரம் ஒரு பகுதியாகத் தோராவை (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசித்து, ஓராண்டில் முழுவதையும் முடிப்பார்கள். ‘வயக்ஹேல்’ என்ற பகுதியில், ஓய்வுநாளில் உங்கள் வீடுகளில் நெருப்பு மூட்டாதீர்கள் என்று வருகிறது. மின்விளக்கையும் இந்தத் தடைக்குள்தான் வைக்கிறார்கள். யூதரல்லாத உங்களுக்குத் தடை கிடையாது. ஆனால் யூதருக்காக இன்னொருவர் செய்துகொடுத்தால், அந்தப் பலனை அவர் சப்பாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையிலான ஓய்வுநாள்) முடியும்வரை அனுபவிக்கக் கூடாது. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு இதை நேராகவே சொல்கிறது: யூதரல்லாதவர் தனக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தை யூதர் பயன்படுத்தலாம், யூதருக்காக ஏற்றினால் கூடாது. தனக்காக ஏற்றியதை யூதரும் பயன்படுத்தலாம் என்பதற்கு, ஒருவருக்கு எரியும் விளக்கு நூறு பேருக்கும் எரியும் என்று மிஷ்னாவை விளக்கும் தல்மூத் காரணம் தருகிறது.

ஆகவே உங்களுக்குச் சமையலறையில் வேலை இருந்தால் லைட்டைப் போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள். சவ்தா தாராளமாக வந்து உட்காரலாம். வேலை உண்மையாகவே உங்களுடையதாக இருக்க வேண்டும், பேருக்குச் செய்வது உதவாது. வெந்நீர் விஷயம் வேறு. உங்கள் டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும்போது அவருக்கும் சேர்த்து ஒரு டம்ளர் கூடுதலாக வைக்க வாய்ப்பு இருப்பதால், அந்தத் தண்ணீர் அவருக்கு ஆகாது. வெள்ளிக்கிழமையே நிரப்பிச் சூடாக்கி வைத்த பாத்திரத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

“இங்கே லைட் போடு” என்று உங்களிடம் சொல்லவும் அவருக்குத் தடை உண்டு. அதனால்தான் பல வீடுகளில் “வெளிச்சம் போதவில்லையே” என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். மனதில் உள்ளதை ஏன் நேராகச் சொல்வதில்லை என்று வருந்த வேண்டாம்.

குளிருக்கு விதி தளர்கிறது. குளிருக்கு முன்னால் எல்லோரும் நோயாளிகளே என்பது யூதச் சட்டநூலின் வார்த்தை. ஜெருசலேம் குளிர்காலத்தில் ஹீட்டரைப் போடச் சொல்லி உங்களிடம் நேராகவே கேட்கலாம். சவ்தா நோயில் படுத்துவிட்டால், அந்த நோய்க்குத் தேவையானதையும் உங்களிடம் கேட்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கீழே விழுந்து அடி, சர்க்கரை திடீரென்று இறங்குவது என்று உயிருக்கு ஆபத்து வந்தால் சப்பாத் ஒதுங்கி நிற்கும். யாரிடமும் அனுமதி கேட்காமல் உடனே ஆம்புலன்ஸ் எண்ணான 101-க்குப் போன் செய்யுங்கள். அந்த நேரத்தில் தாமதிப்பதுதான் சட்டப்படி தவறு.

மற்றதெல்லாம் வெள்ளிக்கிழமை வேலை. ஜெருசலேமில் வழக்கமாகச் சூரியன் மறைய 40 நிமிடம் முன்பே சப்பாத் மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள். அதற்குள், கதவைத் திறந்தால் எரியாதபடி ஃப்ரிட்ஜ் பல்பைக் கழற்றி, சப்பாத்தில் கிழிப்பதும் தடை என்பதால் டாய்லெட் பேப்பரை முன்பே கிழித்து வைத்து, எந்த லைட் எரிய வேண்டும் என்று சவ்தாவிடம் கேட்டுப் போட்டு விடுங்கள்.

கரண்டிக்கு வருவோம். யூதச் சட்டப்படி இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது, அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம். இன்றைக்கே அவருடைய மகளிடமோ மகனிடமோ சொல்லிவிடுங்கள். கழுவிவிட்டால் சரியாகிவிடாது. சூட்டில் பாத்திரம் சுவையை உறிஞ்சும் என்பது சட்டத்தின் கணக்கு. கரண்டியையும் பால் பாத்திரத்தையும் தொடாமல் தனியே எடுத்து வையுங்கள். குடும்பத்தார் ரபியிடம் (யூத மதகுரு) கேட்பார்கள். அவர் நான்கு விஷயம் விசாரிப்பார்: பால் கை பொறுக்காத சூட்டில் இருந்ததா? அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் கரண்டி சூடான இறைச்சியில் பட்டதா? பால் எவ்வளவு, கரண்டி எதுவரை முங்கியது? வெங்காயம், பூண்டு போன்ற காரமான பொருள் எதிலாவது இருந்ததா? முங்கிய பகுதியைப் போல் 60 மடங்கு பால் இருந்தால் பால் தப்பிவிடும். அந்தப் பகுதி 20 மில்லி என்றால் பால் 1,200 மில்லி இருந்திருக்க வேண்டும். இதையெல்லாம் இப்போதே நினைவுபடுத்தி எழுதிவையுங்கள். பதில் பல சமயம் சாதகமாகவே வரும். மறைத்தால்தான் மொத்தச் சமையலறைக்கும் சந்தேகம் பரவும்.

வெங்காயத்தைத் தனியாகச் சொல்லக் காரணம், நம் சமையலில் அது இல்லாமல் எதுவும் இல்லை. இறைச்சிக் கத்தியில் நறுக்கிய வெங்காயத்தைப் பால் சேர்ந்த எதிலும் போடக் கூடாது. கத்தி சுத்தமாக இருந்தாலும், 24 மணி நேரம் கடந்திருந்தாலும் அப்படித்தான். வெங்காயம், பூண்டு, மிளகாய்க்கென்று ஒரு கத்தியும் பலகையும் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். இறைச்சியும் பாலும் சேராத பொருளுக்கு ‘பார்வே’ என்று பெயர். அந்தச் சொல்லைச் சொன்னால் போதும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் மனம் நோகிறார்கள். யூதரல்லாதவர் மட்டுமே சமைத்த பல பதார்த்தங்களை அவர்கள் உண்பதில்லை. உங்கள் கை சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பிய மரபு யூதர் வீட்டில், அடுப்பை யூதர் ஒருவர் பற்றவைத்தால் போதும், மிச்சத்தை நீங்கள் சமைக்கலாம். செஃபார்டி வழக்கமுள்ள (ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு மரபு) வீட்டில் பாத்திரத்தை அடுப்பில் வைப்பதிலும் அவர் கை இருக்க வேண்டும். சவ்தாவின் குடும்பம் எந்த வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் அவரைக் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். நிற்க முடியாவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.