ஆப்கானிஸ்தானைப் புரிந்துகொள்ள எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

கேள்வி: 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் மக்கள் விமானத்தோடு சேர்ந்து ஓடிய காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பிரிட்டன், சோவியத் யூனியன், அமெரிக்கா என எந்த வல்லரசாலும் அங்கே ஏன் காலூன்ற முடியவில்லை என்று படித்துத் தெரிந்துகொள்ள ஆசை. ஆங்கிலம் ஓரளவு வாசிப்பேன். மாதம் ஒரு புத்தகம்தான் முடியும். எதில் தொடங்கலாம்?

பதில்: போரில் தொடங்காதீர்கள். ஆப்கானிஸ்தான் பற்றி வந்திருக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை படையெடுத்து வந்தவர்களின் கதைதான். அவற்றை மட்டும் படித்தால், அந்த மண்ணில் வாழ்கிறவர்கள் மலைமேல் துப்பாக்கியோடு நிற்கும் நிழல்களாகவே மனதில் பதிந்துவிடுவார்கள்.

முதல் மாதம் தாமஸ் பார்ஃபீல்டின் 'ஆப்கானிஸ்தான்: எ கல்ச்சுரல் அண்ட் பொலிட்டிகல் ஹிஸ்டரி' (2010). இவர் மானுடவியலாளர். 1970களில் வட ஆப்கானிஸ்தானில் ஆடு மேய்க்கும் நாடோடிகளோடு தங்கி ஆய்வு செய்தவர். 'பேரரசுகளின் கல்லறை' என்று எல்லோரும் சொல்வதை அவர் ஏற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு வரை பாரசீகர், கிரேக்கர், மங்கோலியர் என்று பலர் அந்த நிலத்தை ஆண்டிருக்கிறார்கள். நாம் பள்ளியில் படித்த கஜினி முகமதுவும் பாபரும் அங்கிருந்து கிளம்பித்தானே இந்தியாவுக்கு வந்தார்கள்? அன்றைய போர் அரச குடும்பங்களுக்குள் நடந்த சண்டை. யார் வென்றாலும் குடியானவனுக்கு வரி வாங்குகிறவர் மட்டும் மாறுவார். அந்நியரை விரட்டச் சாதாரண மக்களைத் திரட்டியபோதுதான் கதை மாறியது. அப்புறம் அவர் காட்டும் முடிச்சு ஒன்று உண்டு: காபூலில் ஆள்பவருக்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும், ஆனால் வெளிநாட்டான் கையாள் என்று பெயர் வாங்கிவிட்டால் ஆளவே முடியாது. மற்ற எல்லாப் புத்தகங்களையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இரண்டாவது, வில்லியம் டால்ரிம்பிளின் 'ரிட்டர்ன் ஆஃப் எ கிங்'. 1839 முதல் 1842 வரை நடந்த முதல் ஆங்கிலோ-ஆப்கான் போர். ஆட்சியை இழந்து லூதியானாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவித்தொகையில் வாழ்ந்த முன்னாள் மன்னர் ஷா ஷூஜாவைப் பிரிட்டிஷார் கொண்டுபோய் காபூல் அரியணையில் உட்கார வைத்தார்கள். 1842 ஜனவரியில், கொட்டும் பனியில், பிரிட்டிஷ் படையும் அதோடு இருந்தவர்களுமாகச் சுமார் 16,000 பேர் காபூலை விட்டுப் பின்வாங்கினார்கள். ஜலாலாபாத் கோட்டைக்குத் தனியாக வந்து சேர்ந்த பிரிட்டிஷ் படை மருத்துவர் பிரைடனின் ஓவியத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானோர் இந்தியச் சிப்பாய்களும் அவர்களோடு போன வேலைக்காரர்களும் குடும்பங்களும். சாவில் தப்பியவர்களில் பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். காபூலில் கிடைத்த பாரசீக மொழி நூல்களையும் டால்ரிம்பிள் பயன்படுத்தியிருப்பதால் எதிர்த்தரப்புக் குரலும் கேட்கிறது. கடைசியில் ஷா ஷூஜா கொல்லப்பட்டார். காபூலை ஆண்ட எந்த தோஸ்த் முகமதுவை விரட்டப் போர் நடந்ததோ, அவரே அரியணைக்குத் திரும்பினார்.

சோவியத் காலத்துக்கு ஸ்வெட்லானா அலெக்சியேவிச்சின் 'ஸிங்கி பாய்ஸ்'. துத்தநாகப் பெட்டிகளில் அடைத்து அனுப்பப்பட்ட பையன்களின் தாய்மார்களும், உயிரோடு திரும்பிய வீரர்களும் பேசுகிறார்கள். பெட்டியைத் திறந்து மகன் முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை. மனம் கனத்துவிடும், நாலைந்து பக்கமாகப் படியுங்கள். 1979 டிசம்பரில் படை நுழைந்தது ஏன், 1989 பிப்ரவரியில் வெளியேறியது எப்படி என்ற அரசியல் இதில் கிடைக்காது. அதற்கு ராட்ரிக் பிரைத்வெயிட்டின் 'அஃப்கான்ட்ஸி' இருக்கிறது.

ஸ்டீவ் கோலின் 'கோஸ்ட் வார்ஸ்' பற்றி எல்லோரும் சொல்வார்கள். நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு முந்தைய நாளான 2001 செப்டம்பர் 10 வரை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. என்ன செய்தது என்பதற்கு அதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. ஆனால் தடிமன். பெயர்கள் பழகிய பிறகு எடுத்தால் போதும்.

நீங்கள் எதை விட்டாலும் ஆனந்த் கோபாலின் 'நோ குட் மென் அமங் தி லிவிங்' புத்தகத்தை (2014) விட்டுவிடாதீர்கள். ஒரு தாலிபான் தளபதி, அமெரிக்கா பக்கம் நின்ற ஒரு பிரமுகர், ஹீலா என்ற குடும்பப் பெண் என்று மூவரின் வாழ்க்கை. 2001 முடிவில் தாலிபான்களில் பலர் சண்டையை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எதிரி இல்லாத ஊரில் எதிரியைக் கேட்டது அமெரிக்கப் படை. உள்ளூர்க்காரர்கள் தங்கள் பழைய பகையாளிகளைக் காட்டிக்கொடுத்தார்கள். 2002 ஜனவரியில் உருஸ்கான் மாகாணத்தில் புதிய அரசின் ஆதரவாளர்களையே தாலிபான் என்று நினைத்து அமெரிக்கப் படையினர் இரவில் சுட்டுக் கொன்றார்கள். காலூன்ற முடியாதது ஏன் என்ற உங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் புத்தகம் இதுதான். காபூலில் படித்து வளர்ந்து, உருஸ்கான் கிராமத்தில் நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட ஹீலாவின் பகுதிகளை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

படிக்கும்போது ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1893இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவே போட்ட, இன்று பாகிஸ்தான் எல்லையாக இருக்கும் டியூரண்ட் எல்லைக்கோட்டை அதில் பேனாவால் அழுத்தி வரையுங்கள். பஷ்தூன் மக்கள் அதன் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள் என்பது கண்ணில் பட்டால் பாகிஸ்தான் வரும் பக்கங்கள் எளிதாகப் புரியும். பார்ஃபீல்டின் தொடக்க அத்தியாயங்கள் கடினமாகத் தோன்றினால் 19ஆம் நூற்றாண்டுப் பகுதிக்குத் தாண்டிப் போங்கள். மற்றதை ஆறாவது மாதம் வந்து படித்துக்கொள்ளலாம்.