குழாய் வேலைக்காரரின் வெப்சைட்டில் ஆட்கள் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: பரந்தனில் பிளம்பிங் வேலை செய்கிறேன். பத்துப் பக்கத்தில் ஒரு வெப்சைட் செய்வித்தேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதற் பக்கத்தோடு போய்விடுகிறார்கள். மாதம் 15,000 ரூபாய் கட்டினால் அவர்களை நிற்கவைக்கலாம் என்கிறார், செய்து தந்தவர். கட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு நல்ல பால் (ball) வால்வு நாலைந்து வாங்கி வையுங்கள்.

முதலில், போகிறவர்கள் யார் என்று பாருங்கள். மேல் தாங்கி நிரம்பி முற்றம் முழுக்கத் தண்ணீர். வீட்டுக்கார அம்மா ஒரு கையில் போனோடு தேடுகிறார். உங்கள் நம்பர் கண்ணில் பட்டதும் தட்டுகிறார், கதைக்கிறார், பக்கத்தை மூடுகிறார். அவருக்கு ‘எங்களைப் பற்றி’ எதற்கு? உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் கணக்கில் அவர் ஓடிப்போனவர். வெப்சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் புதிய முறைக்கு முழுதாக மாறியது. அதில் ஒருவர் 10 விநாடிக்கு மேல் நின்றாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்துவைத்த ஒன்றைச் செய்தாலோதான் ஈடுபாடு என்று எண்ணும். நம்பரைத் தட்டுவதை நீங்கள் அப்படிக் குறித்துவைக்காவிட்டால், எட்டாவது விநாடியில் போன் எடுத்த அந்த அம்மாவும் தோல்விக் கணக்கில்தான் சேருவார். நம்பரைப் பார்த்து மகனின் போனில் அடிக்கிற ஆளை எந்தக் கணக்கும் பிடிக்காது. ஆகவே இந்த மாதம் எத்தனை பேர் அழைத்தார்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். அதுதான் உங்கள் அனலிட்டிக்ஸ்.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். சிலர் இன்னும் கெட்டித்தனமாக, நம்பரை ‘தொடர்பு’ பக்கத்துக்குள் ஒளித்துவைப்பார்கள். பார்க்கிற பக்கம் ஒன்று இரண்டாகும், உங்களுக்கு வருகிற அழைப்பு பாதியாகும். நம்பர் எல்லாப் பக்கத்திலும் மேலேயே இருக்கட்டும்.

சரி, உண்மையிலேயே நாலு பக்கம் புரட்டிப் பார்க்கிறவர் யார்? எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளைகள். அம்மாவின் வீட்டுத்திட்ட வீட்டோடு ஒரு குளியலறையைச் சேர்த்துக் கட்ட நினைப்பார்கள், வந்து பார்க்க முடியாது. டொரண்டோவில் இரவு 10 மணிக்கு அவர் தேடும்போது இங்கே காலை 7.30 அல்லது 8.30. நீங்கள் குழிக்குள் நிற்பீர்கள், போன் எடுக்கமாட்டீர்கள். அவர் வாசிப்பதற்கு ஏதாவது இருக்கவேண்டும். நம்பரையும் 07 என்று தொடங்கி எழுதிவைத்தால் அங்கிருந்து அழைப்பு வராது. முன் பூச்சியத்தை எடுத்துவிட்டு இலங்கைக்கான +94 போடுங்கள், வட்ஸ்அப் இணைப்பும் கொடுங்கள்.

அவரை அடுத்த பக்கத்துக்குக் கூட்டிப்போவது பெரிய வித்தை இல்லை. அவர் மனதில் அடுத்ததாக எழும் கேள்வியை அங்கேயே, அவர் கேட்கிற மாதிரியே எழுதி இணைப்புக் கொடுக்கவேண்டும். ‘மேலும் வாசிக்க’ என்பதை யாரும் தட்டுவதில்லை. குளியலறை வேலைப் பக்கத்தின் அடியில் ‘தாங்கியை எத்தனை அடி உயரத்தில் வைத்தால் ஷவரில் வேகமாக வரும்?’ என்று எழுதிப் பாருங்கள். 10 அடி உயரத்துக்குச் சுமார் 4.3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம்தான் கிடைக்கும், ஷவருக்கு அது சோகை என்று அந்தப் பக்கத்தில் விளக்குங்கள். அங்கிருந்து ‘பத்து வருடத்தில் குழாய்க்குள் என்ன படிகிறது?’ என்று இன்னொன்று. அதற்கு நீங்கள் கழற்றி எறிந்த பழைய பைப் ஒன்றை வாளால் குறுக்கே அறுத்துப் படம் எடுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு விளிம்பைச் சுற்றிக் கட்டியாகி, சின்ன விரல் நுழைகிற ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தவர் இறங்கிப் படிக்காமல் போகமாட்டார்.

இப்போது உங்கள் முதற் பக்கத்தில் மஞ்சள் தொப்பியோடு சிரிக்கிற வெள்ளைக்காரரை எந்தக் கிணற்றடியிலும் நான் கண்டதில்லை. அந்தப் படத்தைத் தூக்குங்கள். போன் படங்களை அப்படியே ஏற்றவும் வேண்டாம். 4 எம்பி படத்தை 200 கேபிக்குள் சுருக்குங்கள். விலை எழுதப் பயமென்றால் ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு’ என்றாவது எழுதுங்கள். விலையே இல்லாத பக்கத்தில் ஆட்கள் நிற்கமாட்டார்கள்.

15,000 ரூபாய்க்காரர் விற்பது பெரும்பாலும் வருகைதான். எங்கேயோ ஒரு கணினி உங்கள் பக்கங்களைத் தட்டித் தட்டித் திறக்கும், கணக்கில் வருகை ஏறும், ஒரு குழாய் மாற்றும் வேலைகூட வராது. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: டொமைன், அதாவது உங்கள் வெப்சைட்டின் முகவரி, யார் பேரில் இருக்கிறது? நான் பார்த்ததில் பாதிப் பேருக்கு அது செய்தவரின் பேரில்தான் இருக்கிறது. சண்டை வந்தால் வருடக் கணக்கில் கட்டிய பேர் போய்விடும். உங்கள் பேரில், உங்கள் மின்னஞ்சலில் மாற்றித் தரச் சொல்லுங்கள். கூகுள் கணக்கும் அப்படித்தான்.

தொழில்முனைவோருக்கென்று ஹோட்டல் மண்டபத்தில் ஆங்கில ஸ்லைட் ஓட்டிச் சோறும் சான்றிதழும் தருகிறார்கள். டொமைனை உங்கள் பேரில் எடுங்கள் என்ற ஒரு வரியை அங்கே யாரும் சொல்வதில்லை. சொல்லித்தரப் பத்து நிமிடம் போதும்.

நாளைக்குச் சிக்னல் ஒரு கோடு காட்டுகிற இடத்தில் நின்று உங்கள் தளத்தை நீங்களே திறவுங்கள். பழைய மோட்டரை மாற்ற என்ன செலவு என்று தேடுங்கள். எத்தனை தட்டில் கிடைக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.