சிங்கம் இல்லாத பூங்கா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகனுக்குத் தான்சானியாவில், தாருஸ்ஸலாம் நகரில் வேலை. வரும் ஆகஸ்டில் நானும் கணவரும் அங்கே போகிறோம். குடும்பத்தோடு செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குப் போவதாகத் திட்டம். அதற்கு முன் அருஷா நகரில் ஒரு பகல் முழுக்கச் சும்மா கிடக்கிறது. பக்கத்திலேயே அருஷா தேசியப் பூங்கா இருக்கிறதாமே, போகலாமே என்றேன். “அது சின்னப் பூங்கா அத்தை, சிங்கமே கிடையாது, காசுக்குக் கேடு” என்கிறாள் மருமகள். நீங்கள் போய் வந்தவர். போகலாமா? எனக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு.

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போங்கள். மருமகள் சொன்னது சரிதான், அங்கே சிங்கம் கிடையாது. நான் போகச் சொல்வதும் அதனால்தான்.

செரெங்கெட்டியில் பொழுதெல்லாம் ஜீப்புக்குள்ளேயே இருப்பீர்கள். நினைத்த இடத்தில் இறங்கிக் கால் வைக்க முடியாது. அருஷாவில் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் துணையோடு நடந்தே போகலாம். பூங்காவின் மொமெல்லா வாசலுக்கு அருகே ஒரு புல்வெளி; காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருக்கும். காவலர் நின்றால் நாமும் நிற்க வேண்டும். மேய்கிற எருமையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. தலையை நிமிர்த்தி மூக்கை நம் பக்கம் நீட்டுகிற எருமையைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் தள்ளி ஒட்டகச்சிவிங்கிகள். தரையில் நின்று பார்த்தால்தான் அதன் உயரம் புத்தியில் ஏறுகிறது, வயிறே நம் தலைக்கு மேலே இருக்கிறது. அசைபோடும்போது கவனியுங்கள்: விழுங்கிய இரை ஓர் உருண்டையாகக் கழுத்துக்குள் மேலேறி வாய்க்குப் போகும். கொஞ்ச நேரம் மெல்லும், உருண்டை கீழே இறங்கும், அடுத்தது ஏறும். நான் வந்த வேலையை மறந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்று ஐந்தைச் சொல்லி, ஐந்தையும் பார்த்தாயிற்றா என்று கேட்கிறார்களே, அது வேட்டைக்காரர்கள் போட்ட கணக்கு. நடந்து போய்ச் சுடுவதற்கு எவை கடினமோ அவற்றின் பட்டியல். துப்பாக்கி போய்க் கேமரா வந்த பிறகும் நாம் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

சின்னப் பூங்கா என்பதும் மெய்தான். 1960இல் ங்குர்டோட்டோ எரிமலைப் பள்ளத்தின் பெயரில் தொடங்கி, 1967இல் மேரு மலையும் சேர்ந்த பிறகு அருஷா என்று பெயர் பெற்றது. இன்றைக்கு 552 சதுர கிலோமீட்டர். செரெங்கெட்டியோ 14,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் இந்தக் கையகல இடத்துக்குள் ஒரு பகலில் மழைக்காடு, எரிமலைப் பள்ளம், ஏரிகள், புல்வெளி எல்லாவற்றையும் கடந்துவிடலாம். எல்லாம் மேருவின் கைவரிசை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த எரிமலையின் கிழக்குப் பக்கம் இடிந்து சரிந்தது. பாறையும் சேறும் கீழே பாய்ந்து மேடுபள்ளமாகப் படிந்தன. அந்தப் பள்ளங்களில் நீர் தேங்கியவைதான் மொமெல்லா ஏரிகள். உப்பும் பாசியும் ஏரிக்கு ஏரி மாறுவதால் ஒன்று பச்சை, அடுத்தது நீலம். பூநாரைகள் அந்தப் பாசிக்காகவே வருகின்றன. ஆனால் அவை நாடோடிகள். நீங்கள் போகும் நாளில் இருந்தால் அதிர்ஷ்டம்.

அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலரின் பற்களில் பழுப்புக் கறை இருக்கும். புகையிலை என்று நினைத்துவிடாதீர்கள். எரிமலைப் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் ஃப்ளோரைடின் வேலை. குழந்தையாக இருக்கும்போது குடித்த தண்ணீர், ஆயுளுக்கும் பல்லில் தெரிகிறது.

ங்குர்டோட்டோ பள்ளத்துக்குள் இறங்க யாருக்கும் அனுமதியில்லை, விளிம்பில் நின்று பார்க்கலாம். அடியில் எருமைகள் கடுகு சிந்தியதுபோல் தெரியும். எனக்கு இந்தக் கட்டுப்பாடு பிடித்திருந்தது. போகும் வழியில் காட்டுக்குள் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகள் உச்சாணிக் கிளைகளில் இருக்கும். தோளிலிருந்து வெள்ளை மயிர் சால்வைபோல் தொங்க, அது ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வாலும் சால்வையும் பின்னால் விரிந்து வரும். கட்டைவிரல் என்று பெயருக்கு ஒரு குமிழ்தான் உண்டு. ஆனாலும் பிடி தவறுவதில்லை.

முழங்காலைப் பற்றிக் கேட்டீர்கள். துலுலுசியா அருவி வரை நடப்பது உங்களுக்குச் சிரமமாக இருக்கலாம். புல்வெளியோடு திரும்பிவிடுங்கள், முக்கியமானது அங்கேயே முடிந்துவிடுகிறது. மலைப்பாதையில் அத்திமரம் ஒன்று வளைவுபோல் நிற்கிறது. அதனடியில் ஜீப்பே நுழைந்து போகும், நடக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் அங்கே குளிர் உண்டு, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்துக் கிளிமஞ்சாரோ மலையைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையிலேயே மொமெல்லா பக்கம் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும்.

அரைநாள் போதும் என்று வண்டிக்காரர் சொல்லக்கூடும், சம்மதிக்காதீர்கள். செரெங்கெட்டிக்கு முன்பே இதைப் பார்ப்பதுதான் நல்லது. அந்தப் பிரம்மாண்டத்தைப் பார்த்துவிட்டு வந்தால் ஒற்றைக் குரங்குக்காகக் கழுத்தை அண்ணாந்து நிற்கப் பொறுமை இருக்காது. சின்ன மொமெல்லா ஏரியில் படகு வலிக்கவும் வசதி உண்டு, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நீர்யானை இருக்கிற ஏரி என்பதால், மருமகளைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

அன்புடன்