அரசுப் பல்கலைக்கழக அரங்கில் சரஸ்வதி பூஜை நடத்தலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறேன். சரஸ்வதி பூஜைக்கு எங்கள் மாணவர் அமைப்பு அரங்கம் கேட்டது. "இது அரசு நிறுவனம், மத நிகழ்ச்சிக்கு இடமில்லை" என்று அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். அது சரியா? உடன் படிக்கும் முஸ்லிம் நண்பர்கள் தொழுகைக்கு முன் கை கழுவும் தொட்டியில்தான் கால் கழுவுகிறார்கள், தரையெல்லாம் ஈரம். அதற்கும் ஏதாவது கேட்க முடியுமா?

பதில்: உங்கள் அமைப்பு பல்கலைக்கழகத்தில் பதிவானது, மற்ற மாணவர் அமைப்புகளுக்கும் அந்த அரங்கம் தரப்படுகிறது என்றால், மத நிகழ்ச்சி என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பது சட்டப்படி செல்லாது.

இதே வழக்கு முன்பே நடந்திருக்கிறது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில், கட்டிடங்களை வழிபாட்டுக்கோ மதபோதனைக்கோ தரக் கூடாது என்று 1972-ல் ஒரு விதி வந்தது. அதைக் காட்டி 1977-ல் ஒரு கிறிஸ்தவ மாணவர் குழுவுக்கு இடம் மறுத்தார்கள். 1981-ல் உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகளுக்குத் திறந்துவிட்ட இடத்தை மதக் குழுவுக்கு மட்டும் அடைக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே விதிப்படி இடம் கொடுத்தால் அரசு அந்த மதத்தை ஆதரிப்பதாக ஆகாது. இதுதான் தீர்ப்பின் சாரம். தனியார் பல்கலைக்கழகங்களை இது கட்டுப்படுத்தாது.

ஆகவே சலுகையாகக் கேட்காதீர்கள். நடனக் குழுவும் விவாதக் குழுவும் நிரப்பும் அதே படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். நேரம், கூட்ட அளவு, சத்தம், துப்புரவு பற்றிய விதிகள் எல்லோருக்கும் போல உங்களுக்கும் பொருந்தும். குத்துவிளக்கும் சாம்பிராணியும்தான் சிக்கல். பல வளாகங்களில் கட்டிடத்துக்குள் நெருப்பு ஏற்றத் தடை உண்டு, புகை எழுந்தால் அலாரம் அடித்துவிடும். தீயணைப்புப் பிரிவிடம் முன்கூட்டியே தனி அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பேட்டரி விளக்கு வைத்து நடத்திவிடலாம். அப்புறம், பூஜை முடிந்ததும் சரஸ்வதி படத்தை எடுத்துவிடுங்கள். பொது அரங்கில் ஒரு மதத்தின் படம் நிரந்தரமாக இருந்தால், ஆட்சேபிப்பவர்கள் பக்கம் நியாயம் போய்விடும்.

கால் கழுவும் வசதி வேறு விஷயம். அரங்கத்தைப் போல அதை உரிமையாகக் கோர முடியாது, கோரிக்கையாக வைக்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டியர்பார்ன் வளாகத்தில் முஸ்லிம் மாணவர்கள் அதிகம். 2007-ல் அங்கே இரண்டு கழிப்பறைகளில் சுமார் 25,000 டாலர் செலவில் கால் கழுவும் தொட்டிகள் அமைக்க முடிவெடுத்தபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. ஈரத் தரையில் யாரும் வழுக்கி விழக் கூடாது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதுதான் நிர்வாகம் சொன்ன காரணம். மத விவகாரத்தில் அரசைக் கண்காணிக்கும் குடிமை உரிமை அமைப்பான ஏசிஎல்யூவின் மிச்சிகன் கிளையே அதை ஏற்றுக்கொண்டு வழக்குப் போடவில்லை. உங்கள் நண்பர்களும் பாதுகாப்பையும் சுத்தத்தையும் முன்வைத்து, ஈரத் தரையின் படங்களோடு கட்டிடப் பராமரிப்புப் பிரிவுக்கு எழுதட்டும். விளையாட்டு முடித்து வருபவர்களுக்கும் அது பயன்படும் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

அரங்கத்தை மறுத்தவர்களிடம் சண்டை வேண்டாம். பெரும்பாலும் அவர்களுக்கு விதி தெரிந்திருக்காது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விதிப்படி என்றும் கேளுங்கள். அதை மாணவர் நலத் துறைத் தலைவருக்கு அனுப்பி, பல்கலைக்கழகச் சட்டப் பிரிவின் கருத்தையும் கேட்டுத் தரச் சொல்லுங்கள். நவராத்திரிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கினால் அவகாசம் இருக்கும்.