கைவிடப்பட்ட மனநல மருத்துவமனைகளைப் படம் எடுத்தல்: கேள்வி பதில்

வட வேல்ஸின் டென்பி நகருக்கு வெளியே பாழடைந்து நிற்கும் பழைய மனநல மருத்துவமனையை, வேலிக்கு வெளியே நின்று நான் எடுத்த படத்தைப் பகிர்ந்த பிறகு நண்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பிரிட்டனில் இத்தகைய கட்டடங்களைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வரும் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

சேலம் வாசகர்: இவ்வளவு பெரிய மருத்துவமனைகளை ஊருக்கு வெளியே கட்டிவிட்டு, பிறகு ஏன் கைவிட்டார்கள்?

மனநலம் குன்றிய ஏழைகள் அதுவரை சிறைகளிலும், ஏழைகளுக்கான பணி இல்லங்களிலும், இலாபத்துக்காக நடத்தப்பட்ட தனியார் விடுதிகளிலும் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களுக்கெனக் காப்பகம் அமைப்பதை இங்கிலாந்து, வேல்ஸ் மாவட்டங்கள் அனைத்துக்கும் 1845ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. நல்ல காற்றும் திறந்தவெளியும் உடலுழைப்பும் மனத்தைத் தேற்றும் என்று அக்காலத்தவர் உண்மையாகவே நம்பியதால், வயல், சலவைக்கூடம், தேவாலயம், தண்ணீர்க் கோபுரம் எல்லாம் உள்ள தனி ஊர்களாகவே அவற்றைக் கட்டினார்கள். ஆனால் நெரிசல் அந்த நம்பிக்கையை விழுங்கிவிட்டது. 1848இல் ஏறத்தாழ 200 பேருக்காகத் திறக்கப்பட்ட டென்பியில், 1950களில் சுமார் 1,500 பேர் இருந்தார்கள். புதிய மருந்துகள் வந்தன. 1959இல் மனநலச் சட்டம் மாறியது. 1961இல் சுகாதார அமைச்சர் ஈனாக் பவல், இந்தக் காப்பகங்கள் மறைய வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். ஆயினும் டென்பியின் பிரதான கட்டடம் மூடப்பட 1995 வரை ஆயிற்று.

யாழ்ப்பாண வாசகி: பல இடங்கள் இருக்க, டென்பியையே ஏன் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறீர்கள்?

அது மொழியின் பொருட்டுக் கட்டப்பட்ட மருத்துவமனை என்பதால். வேல்ஸ் மொழி மட்டுமே அறிந்த நோயாளிகளை இங்கிலாந்தின் காப்பகங்களுக்கு அனுப்பி வந்தார்கள். அங்கே அவர்கள் பேசுவது மருத்துவருக்கும் புரியவில்லை, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் புரியவில்லை. குளோஸ்டர் காப்பகத்தின் தலைமை மருத்துவராக இருந்த சாமுவேல் ஹிட்ச், 1842இல் இந்தக் கொடுமையை ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதமாக எழுதினார். நன்கொடைகள் திரண்டன, ஜோசப் ஆப்லெட் என்பவர் 20 ஏக்கர் நிலம் கொடுத்தார். தன் துயரத்தைத் தன் மொழியில் சொல்லக் கிடைத்த இடம் அது என்பது தெரிந்த பிறகு, உடைந்த சன்னல்களை வெறும் அழகாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

கோவை வாசகர்: அனுமதியின்றி உள்ளே போனால் கைது செய்வார்களா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறர் இடத்தில் நுழைவது மட்டும் பெரும்பாலும் குற்றவியல் வழக்கு ஆகாது. உரிமையாளர் வெளியேறச் சொல்லலாம், உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் பூட்டையோ பலகையையோ உடைத்தால் அது குற்றம், ஒரு சாவியை எடுத்து வந்தாலும் அது திருட்டு. வௌவால்கள் தங்கும் இடத்தைக் கலைப்பதும் அங்கே குற்றமே. உரிமையாளருக்கு எழுதி அனுமதி கேளுங்கள். ஒரு மருத்துவமனைக்கு மூன்று முறை எழுதிய பின்பே எனக்கு அரை நாள் கிடைத்தது. அந்த அரை நாளில் அச்சமின்றி நிதானமாக எடுத்த படங்களே இன்றும் என்னிடம் உள்ளவற்றில் சிறந்தவை.

மதுரை வாசகி: உள்ளே எதற்கு அஞ்ச வேண்டும்? பேய் உண்டு என்கிறார்களே?

அங்கு வாழ்ந்தவர்கள் நோயுற்ற மனிதர்கள்; அவர்களைப் பேய்க்கதை ஆக்குவதை நான் ஏற்பதில்லை. அஞ்ச வேண்டியது தரைக்கு. கூரை ஒழுகிய இடத்தில் மரத்தளம் மேலே உறுதியாகத் தோன்றும், அடியில் உளுத்திருக்கும். மேல்தளங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசு, உரிந்து விழும் ஈய வண்ணப்பூச்சு, புறா எச்சம் ஆகியவற்றுக்காகத் தரமான முகக்கவசம் அணியுங்கள். தனியாகச் செல்லாதீர்கள்.

திருச்சி வாசகர்: இருண்ட நீண்ட நடைக்கூடங்களை எப்படி எடுப்பது?

முக்காலி இன்றிப் போகாதீர்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப் 8 என்று வைத்துவிட்டு, ஷட்டரைப் பல நொடிகள் திறந்துவிடுங்கள். சன்னல் வெளிச்சத்துக்கும் மூலை இருளுக்கும் வேறுபாடு மிகுதி என்பதால், ஒரே காட்சியை மூன்று அல்லது ஐந்து எக்ஸ்போஷர்களில் (ஒளியளவுகளில்) எடுத்து, பின்னர் மிதமாக இணையுங்கள்; அளவு மீறினால் சுவர்கள் பிளாஸ்டிக் போலாகிவிடும். ஃபிளாஷ் வேண்டாம். மேகமூட்டமான நாளே சிறந்தது.

நுட்பத்தைவிட, நிற்கும் இடம் முக்கியம். கட்டில் இருந்த இடத்தில், படுத்திருப்பவரின் கண் உயரத்தில் கேமராவை வைத்துப் பாருங்கள். சிறு கண்ணாடிகளால் ஆன அந்த உயரமான சன்னல், நோயாளி வெளியே குதிக்காதபடி ஒரு சாண் அளவுக்கு மேல் திறக்காமல் அமைக்கப்பட்டிருப்பது அப்போதுதான் தெரியும். வெளியே போனால், பல காப்பகங்களில் சுற்றுச்சுவரைப் பள்ளத்துக்குள் இறக்கிக் கட்டியிருப்பார்கள். உள்ளிருப்பவருக்கு மதில் தெரியாது, வயல் மட்டும் தெரியும். ஆனால் தாண்டவும் முடியாது. கருணையும் காவலும் ஒன்றாய்க் கலந்த அந்தச் சுவரை யாரும் படம் எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சென்னை வாசகர்: நோயாளிகளின் கோப்புகள் கிடந்தால் படம் எடுக்கலாமா?

கூடாது. பெயர் தெரியும் எதையும் எடுக்காதீர்கள். உரிமையாளரிடமோ மாவட்ட ஆவணக் காப்பகத்திடமோ தெரிவியுங்கள். இந்தக் கேள்வி புகைப்படக்கலையின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. 1850களில் இங்கிலாந்தின் சரே மாவட்டக் காப்பகத்தில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஹியூ டயமண்ட், தம் நோயாளிகளைப் படம் எடுத்து, அவை நோயை அறிய உதவும் என்று 1856இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். இன்று அந்தப் படங்களைப் பார்க்கையில், நோயை விட, கேமரா முன் நேராக நோக்கும் ஒரு பெண்ணின் முகமே எனக்குத் தெரிகிறது. சம்மதம் கேட்கப்பட்டதா என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

மட்டக்களப்பு வாசகர்: அனுமதியே கிடைக்காவிட்டால் எங்கே போகலாம்?

டென்பியில் 2008 தீயில் பெரிய கூடம் அழிந்துவிட்டது. வேலிக்குள் போக முயல வேண்டாம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள மென்ஸ்டனில் 1888இல் திறந்து 2003இல் மூடிய ஹை ராய்ட்ஸ் மனநல மருத்துவமனை இன்று குடியிருப்பாகிவிட்டது. அதன் மணிக்கூண்டைத் தெருவிலிருந்தே எடுக்கலாம். அங்கிருந்து சற்றுத் தொலைவில் மருத்துவமனையின் இடுகாடு உள்ளது; 2,800க்கும் மேற்பட்ட நோயாளிகள் பெயர்க்கல் இன்றி அங்கே புதைக்கப்பட்டார்கள். இப்போது அது நினைவுத் தோட்டம். முதலில் அங்கே செல்லுங்கள், பிறகு மணிக்கூண்டுக்கு வாருங்கள்.