ஜான் ராம்: தகுதிப் போட்டி இல்லாமல் கிடைத்த இடம்

வணக்கம். 2016 ஜூனில் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரராக மாறிய ஜான் ராம், தகுதிச் சுற்று எதிலும் ஆடாமல் அடுத்த பருவத்திலேயே அமெரிக்காவின் முன்னணி தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் உறுப்பினரானது எப்படி என்று, கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள். உங்கள் குழப்பம் நியாயமானதே.

உறுப்பினரல்லாதவரும் போட்டி நடத்துவோரின் அழைப்பின்பேரில் சில போட்டிகளில் ஆடலாம். அப்போதைய விதிப்படி, அவற்றில் அவர் ஈட்டிய புள்ளிகள், பருவ முடிவில் புள்ளிப் பட்டியலின் முதல் 125 பேருக்கு இணையாக இருந்தால், அடுத்த பருவத்துக்கான உறுப்புரிமை கிடைத்துவிடும். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து வந்த ராம், தொழில்முறையில் முதன்முதலாக ஆடிய குவிக்கன் லோன்ஸ் நேஷனலில் மூன்றாமிடத்தையும், ஜூலையில் கனடிய ஓப்பனில் இரண்டாமிடத்தையும் பகிர்ந்துகொண்டார். வேலை ஏறத்தாழ அங்கேயே முடிந்துவிட்டது.

2017 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் டோரி பைன்ஸ் மைதானத்தில் கடைசிக் குழியில், ஏறக்குறைய 60 அடி தொலைவிலிருந்து பந்தை உருட்டி ஈகிள் (அக்குழிக்கு வரையறுத்ததைவிட இரண்டு அடிப்புகள் குறைவு) அடித்து, முதல் பட்டத்தை வென்றார். அதே மைதானத்தில்தான் 2021இல் யுஎஸ் ஓப்பனை வென்ற முதல் ஸ்பானியரானார் என்பதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக அமெச்சூர் தரவரிசையில் முதலிடம் வகித்ததால் நேரடியாக இடம் கிடைத்தது என்று எழுதிவிட வேண்டாம். அழைப்புகள் வர அது உதவியிருக்கும், உறுப்புரிமையைத் தந்தது புள்ளிகள்தான்.