சிங்கப்பூரில் அணு உலை வந்தால், பயன்படுத்திய எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்து மறுபடி எரிக்கலாமே?

எரிக்கலாம். ஆனால் நமக்கு அந்த வழி வேண்டாம் என்பேன். அணுமின்சாரம் வேண்டுமா என்றே அரசு இன்னும் முடிவெடுக்கவில்லை. 2012 ஆய்வு, அன்றைய உலைகள் நம் தீவுக்குப் பொருந்தாது என்றது.

உலையிலிருந்து எடுத்த எரிபொருளில் சுமார் 95 சதவீதம் யுரேனியம், ஏறக்குறைய 1 சதவீதம் புளுட்டோனியம். எரிபொருள் கம்பிகளை வெட்டி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, புளுட்டோனியத்தைப் பிரித்து, யுரேனியம் ஆக்சைடோடு கலந்தால் மாக்ஸ் எரிபொருள் கிடைக்கும். பிரான்ஸின் லா ஹேக் ஆலை பிரிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது.

பிரித்த பிறகுதான் ஆபத்து. பயன்படுத்திய எரிபொருளின் கதிர்வீச்சுக்குப் பயந்து திருடன்கூட நெருங்க மாட்டான். பிரித்த புளுட்டோனியத்தை ஒரு டப்பாவில் தூக்கிப் போய்விடலாம். 8 கிலோ இருந்தால் ஒரு குண்டுக்குப் போதும் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. ஜப்பானிடம் 40 டன்னுக்கு மேல் தேங்கிக் கிடக்கிறது. அமெரிக்காவோ தென் கரோலினாவில் கட்டிக்கொண்டிருந்த மாக்ஸ் ஆலையைப் பல நூறு கோடி டாலர் செலவழித்தபின் 2018-ல் கைவிட்டது.

சரி, பிரிக்காமல் எங்கே வைப்பது? செமாக்காவ் தீவு என்கிறார்கள் சிலர். அது குப்பை எரித்த சாம்பலுக்கான இடம்; சூடு தணியாத எரிபொருளுக்கு அல்ல. சில ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்த உலர் கலன்கள், இதற்கு இங்கே இடம் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைத்து வைக்கத்தான் முடியாது. ஆகவே உலை விற்பவரே எரிபொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாங்கும்போதே எழுதி வாங்க வேண்டும். ஈரானின் புஷேர் உலைக்கு ரஷ்யா 2005-ல் அப்படித்தான் ஒப்புக்கொண்டது.